புற உலகம் நிரம்பி வழிகிற பிள்ளைகள்

ஏழு வருஷத்துக்கு முன்னால், என் மகனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்போது அவனுக்கு ஐந்து வயது. குறைபாட்டின் வகை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். உதவிக்கு இருந்தவர் பட்டியலைப் பார்த்து, "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்னு போடுங்கம்மா" என்றார். ஆட்டிசத்துக்கு அரசாங்கத் தாளில் இருக்கிற பெயர் அது. நல்ல மனிதர், தாளில் இருந்ததைத்தான் படித்தார். என் மகனோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். மின்விசிறியின் பேரிங் தேய்ந்து மெல்லிய கீச்சொலி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவன் கை காட்டின பிறகுதான் எனக்கே அது கேட்டது. அந்த அறையில் இருந்த எல்லோரையும்விடப் புற உலகத்தை அதிகமாக உள்ளே வாங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான். அவனுக்குத்தான் புற உலகச் சிந்தனை இல்லை என்று நான் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

வெளியே நின்று பார்த்தவர்கள், வெளியிலிருந்து தெரிந்ததை வைத்துப் பெயர் வைத்தார்கள். பெயர் எப்படியோ அப்படியே நம் பார்வையும் அமைந்துவிடுகிறது. கடந்த பதினைந்து இருபது வருஷ ஆராய்ச்சியும், ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே சொல்லும் அனுபவமும் சேர்ந்து இந்தப் பார்வையைத் திருத்திக்கொண்டு வருகின்றன. அந்தத் திருத்தம் நம் வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் வந்து சேர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா.

ஆட்டிசம் என்ற சொல்லே வெளியிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் தான். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர், மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிப்போவதைக் குறிக்க 1911-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது அதே சொல்லை எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். இந்த இருவருக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே, 1925-ல், மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு பையன்களைக் கவனித்து எழுதியிருந்தார். சத்தமும் வாசனையும் அந்தப் பிள்ளைகளை வதைப்பதையும் அவர் குறித்துவைத்தார். அவர் எழுதியது வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநலக் கையேட்டில், புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ வேலை செய்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத் தெளிவாக இடம்பிடித்தது 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். சுகரேவா கவனித்ததற்கும் அதற்கும் நடுவே கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் போய்விட்டது.

சிரசு அன்று நடந்தது

நான் பிறந்தது குடியாத்தத்தில். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் என்றால் வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். மகனுக்கு நாலு வயதானபோது நாங்களும் கூட்டிக்கொண்டு போனோம். அக்னி நட்சத்திர வெயில், தோளோடு தோள் இடிக்கும் ஜனம், பம்பை, தாரை தப்பட்டை, வெடி, உடைகிற தேங்காய், கற்பூரப் புகை. கொஞ்ச நேரத்தில் அவன் தரையில் விழுந்து தன் கையையே கடித்துக்கொண்டு அலற ஆரம்பித்தான். தூக்கினால் இன்னும் அதிகமானது. ஐஸ் வாங்கித் தருகிறேன் என்றேன், காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "கண்ணு பட்டுடுச்சிடி, ஊட்டுக்குப் போய் சுத்திப் போடு" என்றார் அம்மா. பக்கத்தில் நின்றவர், "இன்னா அடம் பாரு" என்றார். அம்மா சுற்றிப் போட்டார். அவர் போட்டது அன்பினால். ஆனால் அவன் அடங்கியது, வீட்டின் உள் அறையில் விளக்கை அணைத்து, போர்வையால் இறுக்கிச் சுற்றி, யாரும் பேசாமல் முக்கால் மணி நேரம் விட்ட பிறகு.

அடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தாயும் உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். அடம் பிடிக்கிற பிள்ளை நடுநடுவே நம்மைப் பார்க்கும். கேட்டது கையில் வந்ததும் நின்றுவிடும். இது அப்படி நிற்காது. உடம்பு தாங்கக்கூடியதைத் தாண்டிப் புலன்கள் நிரம்பி, அது வழிகிறது. அந்த நேரம் அவனுக்கு அறிவுரையும் அடியும் இன்னும் இரண்டு சத்தம், இன்னும் இரண்டு தொடுகை. அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் பவர்லூம் ஓடினால் முதல் நாள் தூக்கம் வராது, பத்தாம் நாள் தறி ஓடுவதே தெரியாது. திரும்பத் திரும்ப வருவதைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது மூளையின் வேலைகளில் ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஷூலமைட் கிரீன் குழுவினர், ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்குக் கரடுமுரடான துணியின் உரசலையும் இரைச்சலையும் திரும்பத் திரும்பக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளிடம் அமிக்டலா என்ற எச்சரிக்கைப் பகுதியின் துடிப்பு போகப்போகக் குறைந்தது. புலன் கூர்மை அதிகமாக உள்ள ஆட்டிசப் பிள்ளைகளிடம் அது அப்படிக் குறையவில்லை. பத்தாம் நாளும் அவர்களுக்கு முதல் நாள்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் மகனின் பல 'பழக்கங்கள்' எனக்குப் புரிந்தன. ஒரே தட்டில்தான் சாப்பிடுவான். பள்ளிக்கு ஒரே வழியில்தான் போக வேண்டும். சட்டைக் காலரின் லேபிளை வெட்டி எடுத்தால்தான் போட்டுக்கொள்வான். இத்தனை எதிர்பாராதவை வந்து மோதுகிற உலகத்தில், எதிர்பார்த்தபடி நடக்கிற நாலு விஷயங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும்கூட அப்படித்தான். முன்பெல்லாம் பயிற்சி என்றால் முதல் வேலையே கை உதறலை நிறுத்துவதாக இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கேட்டபோது, பதற்றத்தை இறக்கவும் மனதை ஒரு நிலைக்குக் கொண்டுவரவும் அது தங்களுக்கு உதவுகிறது என்றார்கள். தலையைச் சுவரில் முட்டுவதைத் தடுக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. சும்மா கை உதறுவதை எதற்குத் தடுக்க வேண்டும்?

பேச்சும் பழக்கமும்

'இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் மனசு புரியாது' என்பது இன்னொரு பழைய தீர்ப்பு. 2012-ல் பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் இதைத் திருப்பிக் கேட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர், சமூகவியல் படித்தவர். புரியாமை ஒரு பக்கம் மட்டுமா இருக்கிறது? அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கு அவர்களைப் புரிகிறதா? இதை 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று சொல்லலாம். 2020-ல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் எட்டெட்டுப் பேராக வரிசையில் வைத்து, ஒரு கதையைக் காதுக்குக் காது கடத்திப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவு தங்கியது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகமாகச் சிதைந்தது. அதே குழு 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து மறுபடி செய்து 2025-ல் வெளியிட்டபோது, கலந்த வரிசையில் அந்தச் சிதைவு தெரியவில்லை. சொந்த முடிவையே பெரிய அளவில் சோதித்து, மாறி வந்ததை மறைக்காமல் எழுதினார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது. இரண்டு முறையும் ஒன்று மாறவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களால் ஒருவருக்கொருவர் நன்றாகவே செய்தி சொல்லிக்கொள்ள முடிகிறது.

பேச்சு என்றதும் நம் பக்கத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் ஒரே மொழி மட்டும் புழங்கும் தெரு குறைவு. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் வீட்டில் உருது, தெருவில் தமிழ். பேரணாம்பட்டு, காட்பாடிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் தெலுங்கு. எங்கள் வீட்டிலும் மாமியார் தெலுங்குதான் பேசுவார். மகனுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வராதபோது, நாங்கள் போன ஒரு தனியார் மையத்தில், "வீட்டில் இனி எல்லோரும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இல்லையென்றால் குழந்தை குழம்பிவிடும்" என்றார்கள். எட்டு மாதம் அதைச் செய்தோம். எட்டு மாதமும் மாமியார் பேரனிடம் வாயே திறக்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மாவும் பாட்டியும் மனசார எந்த மொழியில் கொஞ்சுவார்களோ அந்த மொழி குழந்தைக்கு வேண்டும்.

அவன் முதலில் பேசியது சொந்தச் சொல் கூட இல்லை. பஸ்ஸில் கேட்டதை அப்படியே சொன்னான்: "பாகாயம் பாகாயம் ஏறு ஏறு." நாங்கள் காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தோம். கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொல்கிறான் என்று நினைத்தேன். வெளியே போக ஆசை வரும்போதெல்லாம் அதைச் சொல்கிறான் என்பது பிடிபட ஒரு மாதம் ஆனது. திரும்பச் சொல்வதற்குப் பின்னால் கேட்பது, மறுப்பது, ஆமோதிப்பது எல்லாம் இருக்கிறது என்று பேரி பிரிசன்ட் போன்றவர்கள் 1980-களிலேயே எழுதிவிட்டார்கள். அது எங்கள் வீட்டுக்கு வந்துசேர நாற்பது வருஷம்.

என் கதையும் கொஞ்சம்

மகனுக்காகக் கேள்வித்தாள்களை நிரப்பும்போதெல்லாம், சில கேள்விகளில் பேனா நின்றுவிடும். 'ஆரம்பித்த வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவாரா? பொருட்களை அடிக்கடி தொலைப்பாரா?' இது அவன் இல்லையே, நான் ஆச்சே என்று தோன்றும். 39 வயதில் எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

தமிழில் இதைக் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்கிறோம். இதுவும் வெளியிலிருந்து வைத்த பெயர். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள கோளாறு என்றே விவரித்தார். பெயர் மாறிவிட்டது, அந்த எண்ணம் போகவில்லை. என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு முழுக்க 'நன்றாகப் படிக்கக் கூடியவள், அஜாக்கிரதை' என்று இருக்கும். "உடம்பு இங்க, மனசு எங்கியோ" என்று அம்மா சொல்வார்.

கவனம் எனக்குக் குறைவாக இல்லை. ஒரு வடிவியல் கணக்கு பிடித்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வரும்வரை தலை நிமிராது. கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும்தான் முடியாது. விடைத்தாள் திருத்தப் பத்து நாள் கொடுத்தால் ஒன்பது நாள் கட்டைப் பார்த்துக்கொண்டே குற்ற உணர்ச்சியில் புழுங்கி, பத்தாம் நாள் ராத்திரி உட்கார்ந்து விடிய விடியத் திருத்துவேன். இந்த மூளைக்கு 'இப்போது' என்று ஒன்று இருக்கிறது, 'இப்போது இல்லை' என்று ஒன்று இருக்கிறது. நடுவில் நாட்காட்டி கிடையாது. தூரத்தில் இருக்கிற பலனுக்காக இப்போதே எழுந்து வேலையைத் தொடங்கவைக்கும் விசை பலவீனமாக இருக்கிறது. டோப்பமின், நார்அட்ரீனலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் ஓடும் பாதைகளோடு இது தொடர்புடையது.

வகுப்பில் உட்கார முடியாத பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் 2007-ல் வந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர், ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் பல முறை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் மேலுறை தன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு நடுத்தரமாக ஏழரை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை. வளர்கிற வரிசை ஒன்றேதான், நேரம் பிந்துகிறது. நாலாம் வகுப்புப் பையனிடம் நாலாம் வகுப்புப் பையனின் பொறுமையைக் கேட்டு முட்டிபோட வைக்கிறோமே, அவனுடைய அந்தப் பகுதி இன்னும் ஒன்றாம் வகுப்பில் இருக்கலாம் என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். கரும்பலகையைத் துடைக்கவும், பக்கத்து வகுப்பிலிருந்து சாக்பீஸ் வாங்கிவரவும் என் வகுப்பில் அப்படிப்பட்ட பையனைத்தான் அனுப்புவேன். எழுந்து நடந்துவிட்டு வந்தால் அடுத்த கால் மணி நேரம் உட்காருவான்.

மருந்து பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. மீத்தைல்ஃபெனிடேட் என்பதுதான் அதிகம் பயன்படுவது. மேலே சொன்ன வேதிப்பொருட்கள் நரம்பு இணைப்பிலிருந்து சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பிள்ளையைத் தூங்கவைக்கும் மருந்து அது இல்லை. பசியைக் குறைக்கும், சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எடையும் உயரமும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவதால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது. ஸ்வீடனில் ஏறக்குறைய 1,48,000 பேரின் பதிவேடுகளை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், மருந்து தொடங்கியவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. விபத்து, தற்செயலாக நஞ்சேறுவது போன்ற இயற்கையல்லாத காரணங்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நான் எடுத்துக்கொள்கிறேன். விடைத்தாள் கட்டை மூன்றாம் நாளே பிரித்த அன்றைக்கு நான் அழுதேன்.

ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கவும் இருக்கிறது. ஆனால் 2013 வரை அந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் விதிப்படி ஒருவருக்கு இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது. என் மகனுக்கு இரண்டும் உண்டு. ஒன்று எதுவும் மாறாதே என்கிறது, மற்றது புதுசு எங்கே என்கிறது. அவனுக்குள் நடக்கும் இழுபறியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பெண் பிள்ளைகள் கதை வேறு. ஆட்டிசத்தில் ஒரு பெண்ணுக்கு நாலு பையன் என்று சொல்லி வந்தார்கள். 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அது மூன்றுக்கு ஒன்று பக்கம்தான் என்று தெரிந்தது. பல பெண்கள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்து, தங்கள் இயல்பை மூடி மறைத்து வாழ்கிறார்கள். நம் ஊரில் அந்த மூடலுக்கு மெடலே கொடுக்கிறோம். யாரிடமும் பேசாமல் மூலையில் இருக்கிற பெண்ணை 'அடக்கமான பொண்ணு' என்று சொல்லிவிடுகிறோம். கல்யாணமாகிப் புது வீட்டில், புது வாசனையில், புதுச் சத்தத்தில், பத்துப் பேரின் எதிர்பார்ப்பில் அவள் உடைந்துபோகும்போது, வளர்ப்பு சரியில்லை என்கிறோம்.

காரணம் தேடுகிறவர்களுக்கு

எந்த வீட்டிலும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது அம்மாதான். 1950, 60-களில் அமெரிக்காவில் 'குளிர்ந்த மனசு அம்மாக்களால்தான் ஆட்டிசம்' என்று படித்தவர்களே நம்பினார்கள். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்து, மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். 2019-ல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் தகவலை வைத்துச் செய்த கணக்கு, ஆட்டிசத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபு சார்ந்தது என்றது. ஏ.டி.எச்.டி.யிலும் 74 சதவீதம் அளவுக்கு. எனக்கும் என் மகனுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் இல்லை.

தடுப்பூசிப் பயம் 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றது. 2025-ல் அமெரிக்க அதிபர் பாராசிட்டமாலைக் குறைசொன்ன பிறகு அது நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. அதற்கு முந்தின வருஷமே ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளில், ஒரே தாய் பெற்ற உடன்பிறப்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் இப்போது அம்மா கையில் இருக்கும் செல்போனின் முறை. சின்னக் குழந்தைக்கு நாள் முழுக்கப் போன் கொடுப்பது பேச்சுக்கும் தூக்கத்துக்கும் கெடுதல்தான், கொடுக்காதீர்கள். ஆனால் 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு நோய் எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லை.

எண்ணிக்கை ஏறுகிறதே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 2000-ல் 150-க்கு ஒருவர், 2022-ல் 31-க்கு ஒருவர். வரையறை அகலமானது, தேடிப் பார்ப்பது கூடியது, முன்பு வேறு பெயரில் எழுதப்பட்டவர்கள் இப்போது இந்தப் பெயரில் வருகிறார்கள். ஏற்றத்தில் பெரும்பங்கு இவற்றால் வந்தது. நம் நாட்டில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 பிள்ளைகளைப் பார்த்து 2018-ல் வெளியான ஆய்வில், காது கேளாமை, வலிப்பு, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., கற்றல் குறைபாடு போன்றவற்றில் ஏதாவது ஒன்று ஏறக்குறைய 12 சதவீதம் பேருக்கு இருந்தது. அப்படியானால் நாற்பது பேர் உட்காரும் என் வகுப்பில் நாலைந்து பேர்.

ஆட்டிசம் ஒன்றா பலவா என்ற கேள்வியும் சூடாகியிருக்கிறது. 2025-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் குணங்களை வைத்து நாலு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் மரபணுப் பின்னணி வேறுபடுவதைக் காட்டினார்கள். அதே வருஷம் கேம்பிரிட்ஜில் வருண் வாரியர் குழுவினர், சின்ன வயதிலேயே தெரியவரும் ஆட்டிசத்துக்கும் பதின்பருவத்தில் தெரியவருவதற்கும் மரபணுச் சாயல் ஒன்றல்ல என்றார்கள். லேசானது, கடுமையானது என்று ஒரே அளவுகோலில் வைத்து அளக்கிற நம் பழக்கத்துக்கு இது சரிப்படாது. என் மகன் பெருக்கல் வாய்பாட்டை 40 வரை சொல்வான். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. இவன் லேசா கடுமையா?

எல்லாமே வெறும் வித்தியாசம்தான், குறை எதுவும் இல்லை என்று சொல்கிறவர்களோடு என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. பேச்சே இல்லாமல், வலிப்போடு, ராத்திரித் தூக்கமில்லாமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பையனை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் 2021-ல் லான்செட் குழு 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற தனிச்சொல்லை முன்வைத்தது. அந்தப் பையனுக்கும் மின்விசிறிச் சத்தம் வலிக்கும். அவனையும் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

பாகாயம் போகிற வழியில்

வேலூர்க்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து, காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கிப் பார்க்கிற சி.எம்.சி. மருத்துவமனை நமக்கு டவுன் பஸ் தூரம். வளர்ச்சிசார் குழந்தை மருத்துவப் பிரிவு இருக்கிறது. பாகாயத்து மனநல மையத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான பிரிவு இருக்கிறது. 1950-களில் தொடங்கிய அந்த மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறைக்குப் பேர்போனது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்துப் பத்து வாரம் பயிற்சி கொடுத்ததில் அவர்களின் மனப்பான்மை மாறியதை, பால் ரசல் குழுவினர் அங்கிருந்து 1999-லேயே பிரிட்டிஷ் மனநல இதழில் எழுதினார்கள். பிள்ளைக்கு வைத்தியம் என்று போகிறவர்களை முதலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது வேலூருக்குப் புதிதில்லை.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான, 'பாஸ்' (PASS) என்று பெயரிட்ட ஆய்வும் இதே வழிதான். நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தார்கள். 'இங்கே பாருங்கள், அவன் உங்களைக் கூப்பிட்டான்' என்று காட்டினார்கள். அம்மாக்கள் பிள்ளையின் போக்கில் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகள் தாமாக அம்மாவை அழைப்பது கூடியது.

அரசாங்கப் பக்கம், 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகின்றன. சந்தேகமான பிள்ளைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். நம் பக்கத்தில் அதை விசாரிக்க வேண்டிய இடம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சான்றிதழுக்கு ஆட்டிசத்தை 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலால் மதிப்பிடுவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. ஏ.டி.எச்.டி. இல்லை. அது மட்டும் உள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் வழியாக வரும் சலுகைகளைக் கேட்க முடியவில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

'எங்களுக்கு அப்புறம் யாரு?' என்று கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. 1999-ம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு ஒரு கதவு உண்டு. பிள்ளைக்கு 18 முடிந்ததும், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருஷத்துக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். ஸ்டெம்செல் ஏற்றினால் ஆட்டிசம் போய்விடும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் நகையை அடகு வைக்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே ஆட்டிசத்துக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று. காத்திருக்கும் கூடத்தில் உங்கள் பிள்ளை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது. ஒன்று அலறும், இல்லை சிலையாகிவிடும். ஆகவே முந்தின வாரமே வீட்டில் சாப்பிடும்போது, விளையாடும்போது, பேர் சொல்லிக் கூப்பிடும்போது, கோபம் வரும்போது என்று சின்னச் சின்ன வீடியோவாகப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். காதுப் பரிசோதனை செய்திருந்தால் அந்தத் தாளும் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் பிடியுங்கள். என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு. ஹாரன் அதிகமான இடம் வரும் முன்பே தானாக ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்கிறான். போன மாதம் பாகாயம் போனபோது பையிலிருந்த இன்னொரு ஹெட்போனை எடுத்து, எதிர் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் நீட்டினான்.